மேல்நிலை இரண்டாம் ஆண்டு உயிரியல் தேர்வு (தமிழ்நாடு)

மேல்நிலை இரண்டாம் ஆண்டு உயிரியல் தேர்வு என்பது தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலை ஒரு பாடமாக எடுத்த மாணவர்கள் கல்வியாண்டின் இறுதியில் எழுதும் அரசுப் பொதுத் தேர்வு ஆகும். பேச்சு வழக்கில் இது பிளஸ் டூ பயாலஜி தேர்வு எனப்படுகிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் இதனை நடத்துகிறது. உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்னும் இரு பகுதிகளும் ஒரே நாளில், ஒரே வினாத்தாளில் இடம்பெறுகின்றன. தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனிப் பாடங்களாக எடுப்போருக்கு வேறு வினாத்தாள்கள் உண்டு. அவை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

2016 வரை தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி இடங்களைத் தீர்மானித்ததில் இத்தேர்வுக்குப் பெரும் பங்கு இருந்தது. 2017 முதல் அந்த இடத்தைத் தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு, அதாவது நீட் தேர்வு, எடுத்துக்கொண்டது. இதனால் மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர் ஏறத்தாழ ஒரே பாடப்பரப்பை இரு வேறு தேர்வுகளுக்காக, இரு வேறு வகையில் படிக்க வேண்டிய நிலையில் உள்ளார். ஆயத்தம் பற்றிய பல குழப்பங்களுக்கு இதுவே காரணம். ஒன்றில் படம் வரைந்து, காரணம் காட்டி, வாக்கியங்களாக எழுத வேண்டும். மற்றதில் ஒரு வட்டத்தை நிரப்பினால் போதும்.

வரலாறு

தமிழ்நாட்டில் பதினோராண்டுப் பள்ளிப் படிப்பும், அதன்பின் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் என்றிருந்த முறை 1978-இல் மாற்றப்பட்டது. பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய ஈராண்டு மேல்நிலைக் கல்வி பள்ளிகளிலேயே தொடங்கப்பட்டது. முதல் தொகுதி மாணவர்கள் 1980-இல் பொதுத் தேர்வை எழுதினர். பின்னர் நீண்ட காலம், 2018 வரை, பாடத்துக்கு 200 வீதம் ஆறு பாடங்களுக்கு 1200 மதிப்பெண்கள் என்பது வழக்கமாக இருந்தது. உயிரியலின் 200 மதிப்பெண்களில் எழுத்துத் தேர்வுக்கு 150-உம் செய்முறைத் தேர்வுக்கு 50-உம் ஒதுக்கப்பட்டிருந்தன.

மருத்துவச் சேர்க்கைக்கென மாநில அளவிலான நுழைவுத் தேர்வு 1984-இல் கொண்டுவரப்பட்டது. அதனை நீக்கும் சட்டம் 2006-இல் நிறைவேற்றப்பட்டு, 2007-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அவ்வாண்டு முதல் 2016 வரை மாநில ஒதுக்கீட்டு இடங்கள் மேல்நிலை மதிப்பெண்களைக் கொண்டே நிரப்பப்பட்டன. இதற்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்குக் கணக்கிடப்பட்டது. உயிரியலில் பெற்ற மதிப்பெண் 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கும் மாற்றப்பட்டுக் கூட்டப்பட்டன. எடுத்துக்காட்டாக, 200-க்கு உயிரியலில் 194, இயற்பியலில் 200, வேதியியலில் 199 பெற்ற ஒருவரின் கட்-ஆஃப் 97 + 50 + 49.75 = 196.75 ஆகும். உயிரியலில் இழக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் இயற்பியலில் இழப்பதைப் போல் இரு மடங்கு இழப்பாக அமைந்தது. அக்காலத்தில் ஒரு மதிப்பெண் வினாக்களை ஒன்றுவிடாமல் மனனம் செய்யும் பழக்கம் வேரூன்றியதை இக்கணக்கைக் கொண்டு புரிந்துகொள்ளலாம்.

மேற்கண்ட எண்கள் கற்பனையானவை அல்ல. அவை அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா என்னும் மாணவி 2017-இல் பெற்ற மதிப்பெண்கள். மொத்தத்தில் 1200-க்கு 1176 பெற்ற அவர், நீட் தேர்வில் 720-க்கு 86 மதிப்பெண்களே பெற்றார். மேல்நிலை மதிப்பெண் அடிப்படையிலான சேர்க்கை அவ்வாண்டுடன் இல்லாமற் போயிற்று. நீட் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை சென்ற அனிதா, 2017 செப்டம்பர் 1 அன்று தற்கொலை செய்துகொண்டதைத் தொடர்ந்து தமிழ்நாடெங்கும் போராட்டங்கள் நடைபெற்றன. நீட் தேர்வில் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் 2020-இல் நடைமுறைக்கு வந்தது.

நீட் வந்தபின் மேல்நிலை உயிரியல் தேர்வு பொருளற்றதாகிவிட்டது என்று கூறப்படுவதுண்டு. இது சரியன்று. நீட் எழுதுவோரும் மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றில் பொதுப்பிரிவில் 50 விழுக்காடும் இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளில் 40 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். கால்நடை மருத்துவம், வேளாண்மை, மருந்தியல், செவிலியம், துணை மருத்துவப் படிப்புகள் ஆகியவற்றின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு மேல்நிலை மதிப்பெண்களே அடிப்படை. உயிரியல் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்களுள் மருத்துவக் கல்லூரியை எட்டுவோர் சிலரே. ஏனையோர் செல்லும் வழி இத்தேர்வின் ஊடாகவே செல்கிறது.

2017-இல் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தங்களின்படி பாடத்துக்கு 100 மதிப்பெண்கள் என்னும் முறை வந்தது. மாநில அளவில் முதலிடம் பெற்றோரின் பட்டியலை வெளியிடும் வழக்கமும் அவ்வாண்டு நிறுத்தப்பட்டது. பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டு 2018 முதல் 2025 வரை நடைபெற்றது. பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தியதைத் தடுப்பது இதன் நோக்கமாகக் கூறப்பட்டது. 2025-26 கல்வியாண்டு முதல் பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வு கைவிடப்பட்டது. கொரோனாப் பெருந்தொற்றால் 2021-இல் மேல்நிலைப் பொதுத் தேர்வே நடைபெறவில்லை. பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அகமதிப்பீடு ஆகியவற்றிலிருந்து முறையே 50, 20, 30 விழுக்காடு எடுத்து மதிப்பெண் வழங்கப்பட்டது.

தேர்வின் அமைப்பு

மொத்தம் 100 மதிப்பெண்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைத் தேர்வுக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 35 மதிப்பெண்களும், எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 15 மதிப்பெண்களும் தேவை. எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்கள் தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35 எனச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மதிப்பெண் வினாக்கள் 8, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 4, மூன்று மதிப்பெண் வினாக்கள் 3, ஐந்து மதிப்பெண் வினாக்கள் 2 ஆகியவற்றுக்கு விடையளிக்க வேண்டும். இரண்டு, மூன்று மதிப்பெண் பிரிவுகளில் கூடுதல் வினாக்கள் தரப்பட்டு அவற்றுள் தெரிவு செய்ய வாய்ப்பு உண்டு. ஐந்து மதிப்பெண் வினாக்கள் 'இது அல்லது அது' என்னும் வகையின.

இரு பகுதிகளுக்கும் தனித்தனி விடைத்தாள்கள் உண்டு. தாவரவியல் ஆசிரியரும் விலங்கியல் ஆசிரியரும் அவற்றைத் தனித்தனியே திருத்துகின்றனர். எழுதுவதற்கு மூன்று மணி நேரம். வினாத்தாளைப் படிக்கவும் விவரங்களைச் சரிபார்க்கவும் முன்னதாக 15 நிமிடம் தரப்படுகிறது.

180 நிமிடத்தில் 70 மதிப்பெண் என்பது மதிப்பெண் ஒன்றுக்கு இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். அவ்வகையில் ஐந்து மதிப்பெண் விடைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடங்கள் கிடைக்கும். தாவரவியலை முதலில் எடுத்துக்கொண்டு அதன் படங்களில் நேரத்தைச் செலவிட்டு, விலங்கியலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக எஞ்ச விடுவது இத்தேர்வுக்கே உரிய இடர். வேறு பாடங்களில் நேரம் போதாமற் போனால் கடைசி வினா ஒன்று விடுபடும். இங்கே ஒரு விடைத்தாளே பாதியில் நின்றுவிடும். தொண்ணூறாவது நிமிடத்தில் மற்ற விடைத்தாளுக்கு மாறிவிடுவது என்று திருப்புதல் தேர்வுகளிலேயே பழகிக்கொள்வது நல்லது.

பாடப்பரப்பு

நடைமுறையிலுள்ள பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் 2019-இல் வெளிவந்தது. தாவரவியல் பகுதியில் தாவர இனப்பெருக்கம், பாரம்பரிய மரபியல், குரோமோசோம் அடிப்படையிலான மரபுவழி, உயிரித்தொழில்நுட்பம், திசு வளர்ப்பு, சூழலியல், பயிர்ப் பெருக்கம், பொருளாதாரப் பயனுள்ள தாவரங்கள் ஆகியன உள்ளன. விலங்கியல் பகுதி மனித இனப்பெருக்கம், இனப்பெருக்க நலன், மரபுக் கடத்தல், மூலக்கூறு மரபியல், பரிணாமம், நோய்கள், நோய்த்தடைகாப்பு, நுண்ணுயிரிகள், உயிரிய பல்வகைத்தன்மை ஆகியவற்றை உள்ளடக்கியது.

இப்பட்டியலை ஒருமுறை உற்று நோக்கினால் சில பொருள்கள் இரு பகுதிகளிலும் திரும்ப வருவது தெரியும். இனப்பெருக்கம், மரபியல், உயிரித்தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் ஆகிய நான்கும் அத்தகையன. பள்ளிகளில் இரு ஆசிரியர்கள் இரு வேளைகளில் நடத்துவதால் மாணவர் இவற்றைத் தொடர்பில்லாத பாடங்களாகவே கருதிவிடுகிறார். மெண்டலின் விதிகளைத் தாவரவியலில் படித்த வாரத்திலேயே விலங்கியலின் இரத்த வகை மரபுக் கடத்தலையும் படிப்பது உழைப்பைக் குறைக்கும். அடிப்படை ஒன்றே, பட்டாணிக்குப் பதில் மனிதன், அவ்வளவே.

முன்பு எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்களுக்கு வினா வரும் என்பதைக் காட்டும் பங்கீட்டு அட்டவணை இருந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைப் புளூ பிரிண்ட் என்றே அழைத்தனர். அதனைக் கொண்டு சில பாடங்களை அறவே விட்டுவிட்டு முழு மதிப்பெண்ணுக்குத் திட்டமிடுவது இயன்றது. புதிய முறையில் இந்த அட்டவணை இல்லை. பாடத்தின் இறுதியிலுள்ள வினாக்களுடன் பாடத்தின் உள்ளிருந்தும் வினாக்கள் கேட்கப்படுகின்றன. கையேடுகளை மட்டும் படித்துப் பாடநூலைத் திறக்காதிருப்பது முன்பைவிட இப்போது இடர் மிகுந்தது.

கலைச்சொற்கள்

தமிழ்வழியில் எழுதுவோருக்கு இத்தேர்வின் கடினம் பெரிதும் சொற்களில் உள்ளது. தமிழ்ச் சொல் என்பதாலேயே பொருள் விளங்கிவிட்டதாக எண்ணுவது இங்கு எளிதில் நேரும் பிழை. பாடநூலின் தாவரவியல் பகுதியில் கருப்பை என்பது சூலின் உள்ளே இருக்கும் பெண் கேமீட்டகத் தாவரத்தைக் குறிக்கிறது. விலங்கியல் பகுதியில் அதே சொல் தாயின் வயிற்றில் கரு வளரும் உறுப்பைக் குறிக்கிறது. முன்னது ஏழு செல்களால் ஆனது. பின்னது தசையாலான உறுப்பு. இரண்டும் ஒரே வினாத்தாளில் வரக்கூடியவை.

படியெடுத்தல் என்பது மற்றொன்று. பொது வழக்கில் படி எடுப்பது என்றால் உள்ளதை உள்ளவாறே இன்னொன்றாக ஆக்குவது. ஆனால் உயிரியலில் டி.என்.ஏ. தன்னைப் போல் இன்னொரு டி.என்.ஏ.வை உருவாக்குவது இரட்டிப்பாதல் எனப்படும், டி.என்.ஏ.விலுள்ள செய்தி ஆர்.என்.ஏ.வாக எழுதப்படுவதே படியெடுத்தல். சொல்லின் பொது வழக்குப் பொருளைக் கொண்டு விடையளிப்பவர் முழு விடையையும் தவறாக எழுதிவிடுவார். ஓங்கு பண்பு என்பது உடல் வலிமையைக் குறிப்பதன்று. ஒடுங்கு பண்பு என்பது அழிந்துபோன பண்புமன்று. கலப்புயிரியில் எது வெளித்தெரிகிறது என்பதை மட்டுமே அவை சுட்டுகின்றன.

இணையத்தில் தமிழில் தேடிப் படிக்கும் மாணவர் மேலும் ஒரு சிக்கலை எதிர்கொள்கிறார். இலங்கையின் கல்விப் பொதுத் தராதர உயர்தர உயிரியலும் தமிழில் கற்பிக்கப்படுகிறது; அங்குள்ள கலைச்சொற்கள் வேறு. தமிழ்நாட்டில் செல், திசு, நொதி, ஒளிச்சேர்க்கை எனப்படுபவை அங்கு முறையே கலம், இழையம், நொதியம், ஒளித்தொகுப்பு எனப்படும். இரண்டும் நல்ல தமிழே. ஆயினும் தேர்வில் தத்தம் பாடநூலின் சொல்லை எழுதுவதே பாதுகாப்பானது. திருத்துபவருக்கு மற்றைய சொல் பழக்கமில்லாதிருக்கலாம்.

மொழி எவ்வளவு தூரம் மதிப்பெண்ணைப் பாதிக்கும் என்பதற்கு 2018-ஆம் ஆண்டு நீட் தேர்வு சான்றாக உள்ளது. அவ்வாண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண்கள் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அவ்வாணையை உச்ச நீதிமன்றம் பின்னர் நீக்கியது. இரு மொழிகளிலும் அச்சிடப்படும் நீட் வினாத்தாளில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. எனவே நீட் எழுத எண்ணும் தமிழ்வழி மாணவர் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் அதன் ஆங்கில இணையையும் பாடநூலின் கலைச்சொல் பகுதியிலிருந்து குறித்துவைத்துக்கொள்ள வேண்டியுள்ளது. இது அவருக்கு மட்டும் விதிக்கப்பட்ட கூடுதல் சுமை என்பதை மறுப்பதற்கில்லை.

படங்கள்

பொதுத் தேர்வை நீட் தேர்விலிருந்து பிரித்துக் காட்டும் முதன்மைக் கூறு படம். விடைக்குறிப்பில் படத்துக்கும் பாகங்களைக் குறிப்பதற்கும் மதிப்பெண் பிரித்துத் தரப்படுவது வழக்கம். நிழலிட்டு அழகுபடுத்தத் தேவையில்லை. பென்சிலால் தெளிவான கோடும், பாகங்களைத் தொட்டு முடியும் குறிப்புக் கோடுகளும் இருந்தால் போதும்.

அடிக்கடிப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளப்படும் தலைகீழ் சூலின் படத்தை எடுத்துக்கொள்வோம். கருப்பையில் செல்கள் ஏழு, உட்கருக்கள் எட்டு என்பதைப் பலர் எண்ணாக மட்டுமே மனனம் செய்து, தேர்வு அறையில் இரண்டையும் மாற்றி எழுதிவிடுகின்றனர். படத்தை வரையத் தெரிந்தவருக்கு இந்த எண்களை நினைவில் வைக்கத் தேவையே இல்லை. சூல்துளைப் பக்கத்தில் ஓர் அண்டமும் இரு சினர்ஜிட்களும், சலாசாப் பக்கத்தில் மூன்று எதிரடிச் செல்களும், நடுவில் ஒரு பெரிய மைய செல்லும் உள்ளன. ஆக ஏழு செல்கள். மைய செல்லில் மட்டும் இரு துருவ உட்கருக்கள் இருப்பதால் உட்கருக்கள் எட்டு. இரட்டைக் கருவுறுதலும் இதே படத்திலிருந்து பிறக்கிறது. ஓர் ஆண் கேமீட் அண்டத்துடன் சேர்ந்து இருமடியக் கருமுட்டையாகிறது. மற்றொன்று இரு துருவ உட்கருக்களுடன் சேர்வதால் முதல்நிலைக் கருவூண் உட்கரு மும்மடியம் ஆகிறது. மும்மடியம் ஏன் என்பது ஒரு மூன்று மதிப்பெண் வினாவுக்குப் போதுமான செய்தி. நவாஸின் இதனை 1898-இல் கண்டறிந்தார் என்பதை அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம்.

விலங்கியலில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது மாதவிடாய்ச் சுழற்சியின் வரைபடம். நான்கு ஹார்மோன்கள், அண்டகத்தின் மாற்றங்கள், கருப்பை உட்சுவரின் தடிப்பு ஆகிய அனைத்தும் ஒரே 28 நாள் அச்சில் வருவதால் பலர் இதனைத் தவிர்க்கின்றனர். சுழற்சியின் நடுவில், ஏறத்தாழ 14-ஆம் நாளில், லூட்டினைசிங் ஹார்மோன் உச்சத்தை எட்டுவதால் அண்டம் விடுபடுகிறது என்னும் ஒரு நிகழ்வை முதலில் குறித்துவிட்டால், அதற்கு முன் ஈஸ்ட்ரோஜன் ஏறுவதும், பின் கார்பஸ் லூட்டியம் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஏறுவதும், கருவுறாவிடின் அது வீழ்ந்து உட்சுவர் உதிர்வதும் காரண காரியமாகத் தொடர்கின்றன.

மரபியல் கணக்குகள்

கணக்கை வெறுத்து உயிரியலுக்கு வந்தவர்களும் தப்ப முடியாத பகுதி இது. இருபண்புக் கலப்பில் 9:3:3:1 என்னும் விகிதத்தைப் பதினாறு கட்டங்கள் கொண்ட புன்னெட் கட்டத்தால் பெறுவது பாடநூல் வழி. அதனைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பண்பையும் தனியே ஒருபண்புக் கலப்பாகக் கருதினால் ஓங்கு பண்புக்கு 3/4, ஒடுங்கு பண்புக்கு 1/4. இரண்டையும் பெருக்க, இரு ஓங்கு பண்புகளும் சேர்ந்து வருவது 9/16; இரு ஒடுங்கு பண்புகளும் சேர்ந்து வருவது 1/16.

நிறக்குருடு பற்றிய வினாவில் வினாவின் சொற்களை ஊன்றிப் படிக்காமையே பெரும் பிழை. கடத்தியான தாய்க்கும் இயல்பான பார்வையுடைய தந்தைக்கும் பிறக்கும் மகன்களுள் நிறக்குருடு பெறுபவர் எத்தனை விழுக்காடு என்று கேட்டால் விடை 50. குழந்தைகளுள் எத்தனை விழுக்காடு என்று கேட்டால் விடை 25. மகள்களுள் ஒருவரும் நிறக்குருடர் அல்லர். பாதிப் பேர் கடத்திகள்.

ஹார்டி-வீன்பெர்க் கோட்பாட்டுக் கணக்கில் தொடங்கும் இடம் தெரிந்தால் மீதி எளிது. கூட்டத்தில் ஒடுங்கு பண்பு வெளித்தெரிவோர் 16 விழுக்காடு எனில் அது q² ஆகும்; q = 0.4, p = 0.6, கலப்புயிரிகள் 2pq = 0.48, அதாவது 48 விழுக்காடு. ஓங்கு பண்புடையோரைக் கொண்டு தொடங்கினால் கணக்கு தவறும். ஏனெனில் அவர்களுள் தூய உயிரிகளும் கலப்புயிரிகளும் கலந்துள்ளனர். சார்காஃப் விதியும் இவ்வகையே. இரட்டை இழை டி.என்.ஏ.வில் அடினைன் 30 விழுக்காடு எனில் தைமின் 30, எஞ்சிய 40-இல் குவானைனும் சைட்டோசினும் தலா 20.

தேனீக்களின் பால் நிர்ணயம் சுவையான ஒரு வினாவுக்கு இடந்தருகிறது. கருவுறாத முட்டையிலிருந்து தோன்றும் ஆண் தேனீக்கு 16 குரோமோசோம்களும், கருவுற்ற முட்டையிலிருந்து தோன்றும் பெண் தேனீக்கு 32 குரோமோசோம்களும் உண்டு. ஆகவே ஆண் தேனீக்குத் தந்தை கிடையாது. ஆனால் தாய்வழிப் பாட்டன் உண்டு.

நினைவும் மீட்டெடுத்தலும்

பாடநூலைத் திரும்பத் திரும்பப் படிப்பதும் வண்ணப் பேனாவால் அடிக்கோடிடுவதும் மிகப் பரவலான படிப்பு முறைகள். அவை பயன் குறைந்தவை என்பது உளவியல் ஆய்வுகளில் தொடர்ந்து வெளிப்பட்டுள்ளது. செருமானியரான எர்மான் எபிங்கவுசு பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, கற்றது முதல் சில மணி நேரங்களில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் மறப்பதை 1885-இல் வெளியிட்டார். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பகுதியை மீண்டும் படித்த மாணவர்களையும், அதனை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிய மாணவர்களையும் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடத்துக்குப் பின் வைத்த தேர்வில் மீண்டும் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரத்துக்குப் பின் வைத்த தேர்விலோ நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்தினர்.

இம்முடிவின் முதற்பாதி கவனிக்கத்தக்கது. மீண்டும் படிக்கும்போது பாடம் நன்கு தெரிந்துவிட்டது போன்ற உணர்வு உண்மையாகவே ஏற்படுகிறது; அடுத்த ஐந்து நிமிடத்துக்கு அது பொய்யுமன்று. தேர்வோ ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. பத்து நடைமுறைகளை மதிப்பிட்டு டன்லாஸ்கியும் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட மீளாய்வில், தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் உயர்ந்த பயனுடையவை எனவும், அடிக்கோடிடுதலும் மீள வாசித்தலும் குறைந்த பயனுடையவை எனவும் வகைப்படுத்தப்பட்டன.

உயிரியலுக்கு இதனைப் பொருத்துவது கடினமன்று. சூலின் படத்தைப் பார்த்து வரைவதை விட, நூலை மூடிவைத்து வெள்ளைத் தாளில் வரைந்து, பின்னர் நூலுடன் ஒப்பிட்டு விடுபட்ட பாகங்களைச் சிவப்பு மையால் குறிக்கலாம். மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, காலாண்டுத் தேர்வுக்கு முன் ஒருமுறை என இடைவெளி விட்டுச் செய்தால் மொத்தம் செலவாகும் நேரம் ஓர் இரவு கண்விழித்துப் படிப்பதை விடக் குறைவே. காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வுகள் உண்மையில் இவ்வகை இடைவெளிச் சோதனைகளாகப் பயன்பட வேண்டியவை. ஆனால் பல இடங்களில் அவை பெற்றோரிடம் கையொப்பம் வாங்கும் சடங்காகவே முடிகின்றன. தவறிய வினாக்களை மீண்டும் எழுதிப் பார்க்கும் வேலை நடைபெறுவதில்லை.

விடை எழுதுதல்

ஒரு மதிப்பெண் வினாக்களில் விருப்பக் குறியீட்டையும் அதற்குரிய விடையையும் சேர்த்து எழுதுமாறு வினாத்தாள் அறிவுறுத்துகிறது. குறியீட்டை மட்டும் எழுதுவதும், குறியீடு ஒன்று விடை வேறொன்று என எழுதுவதும் தெரிந்த விடைக்கான மதிப்பெண்ணை வீணே இழக்கும் வழிகள். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இரு தெளிவான கருத்துகள் போதும்; அரைப் பக்கம் எழுதினாலும் மதிப்பெண் இரண்டைத் தாண்டாது. வேறுபாடு கேட்கும் வினாவுக்கு அட்டவணையாக எழுத வேண்டும். விந்து செல் உருவாக்கத்தையும் அண்ட செல் உருவாக்கத்தையும் இரு பத்திகளாக எழுதுவதை விட, ஒரு முதல்நிலை விந்துச் செல்லிலிருந்து நான்கு விந்து செல்கள், ஒரு முதல்நிலை அண்டச் செல்லிலிருந்து ஒரே அண்டமும் துருவச் செல்களும் என எதிரெதிரே எழுதுவது திருத்துபவருக்கு உடனே தெரியும்.

பொதுத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. எனவே எந்த வினாவையும் வெறுமையாக விடுவதில் பயனில்லை. நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 கூட்டப்படும், தவறான விடைக்கு 1 கழிக்கப்படும். அங்கு 180 வினாக்களில் 90 உயிரியலுக்கு உரியவை. 720-இல் 360 மதிப்பெண்கள். மேலும் நீட் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புப் பாடங்களும் உள்ளன. மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தேர்வில் அவை இல்லை. இரண்டுக்கும் ஆயத்தமாகும் மாணவர் முதலில் பொதுத் தேர்வு முறையில் விரிவாக எழுதிப் பழகிவிட்டு, பின்னர் அதே பாடத்தில் பலவுள் தெரிவு வினாக்களை நேரம் வைத்து விடையளிப்பது இயல்பான வரிசை எனலாம். இதைத் தலைகீழாகச் செய்வோர் விடையை அடையாளம் காணக் கற்கின்றனர்; வினாவுக்கு விடையைத் தாமே எழுதும் திறன் அதனால் வருவதில்லை.

செய்முறைத் தேர்வு

எழுத்துத் தேர்வுக்குச் சில வாரங்கள் முன்னதாக அந்தந்தப் பள்ளியின் ஆய்வகத்தில் புறத்தேர்வர் முன்னிலையில் நடைபெறுகிறது. ஸ்பாட்டர் என்று மாணவர்கள் அழைக்கும் மாதிரிகளை அடையாளம் கண்டு காரணம் எழுதுவது இதில் முதன்மையானது. ஆண்டு முழுவதும் எழுதிவந்த ரெக்கார்டு நோட்டுக்கும் மதிப்பெண் உண்டு. இதனை முதல் நாள் இரவில் நண்பரிடமிருந்து பார்த்து எழுதுவோர் ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் முன் தடுமாறுவது இயல்பே. செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்த 30 மதிப்பெண்கள், எழுத்துத் தேர்வுக்கு அஞ்சும் மாணவருக்குத் தேர்ச்சிக்கான பெரும் துணை.

தேர்வுக்குப் பின்

மதிப்பெண்ணில் ஐயமுள்ளோர் விடைத்தாள் நகல் கோரிப் பெறலாம். நகலைப் பார்த்தபின் மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். உயிரியலில் இரு விடைத்தாள்கள் இருப்பதால் இரண்டையும் பார்ப்பது நல்லது. தேர்வு அச்சமும் மனச்சோர்வும் உள்ள மாணவர்கள் 104 என்னும் தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண்ணிலும், 14416 என்னும் தேசிய மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். தேர்ச்சி பெறாதோருக்குச் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடத்தப்படுகிறது. அதில் தேறுவோர் அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம்.